ஆறாம் எண் ஆட்டின் மூச்சு

சசிகுமார் பேச வேண்டுமென்றால் முதலில் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் கழுத்துக்குழியில் வைக்க வேண்டும். அங்கே சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாய் செருகியிருந்தது. அதன் வாயை மூடினால்தான் காற்று மேலே ஏறிக் குரல் வரும். அதுவும் ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போன்ற கரகரப்பு. நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும்.

மூன்று வருடங்களுக்கு முன்புவரை கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக்கம்பி ஆலையில் வேலை பார்த்தவன். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வீடு, கொஞ்சம் நெல் நிலம். ஓர் ஐப்பசி மழையில் ஷிப்ட் முடித்து வரும்போது பைக் சறுக்கித் தலையில் அடிபட்டது. இருபத்துமூன்று நாள் வென்டிலேட்டரில் கிடந்தான். உயிர் பிழைத்தது. ஆனால் அத்தனை நாள் குழாய் உரசிய இடத்தில் மூச்சுக்குழாய் புண்ணாகி, புண் ஆறும்போது தழும்பு தடித்து, உள்வழி ஸ்ட்ரா அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு முறை விரித்துவிட்டார்கள். இரண்டு முறையும் மறுபடி சுருங்கியது. கடைசியில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்து, "இதோடதான் பழகிக்கணும்" என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆலைத் தூசியில் இனி நிற்க முடியாது. அவன் வெளியே போவதையே குறைத்துக்கொண்டான். ஷேர் ஆட்டோவில் குழாய் 'கர்'ரென்று சத்தம் போட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைகள் அழுதுவிடும். சொந்தக்காரர் கல்யாணங்களுக்கு அவன் மனைவி ரோஜா மட்டும் போய்வந்தாள்.

ரோஜா திருவள்ளூரை அடுத்த காக்களூர் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி மடிக்கும் யூனிட்டில் வேலை பார்த்தாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"எங்க யூனிட்டுக்குப் பின்னாடி தெருவுல ஒரு டாக்டரம்மா எடம் கீது. ஆடு பாத்துக்க ஆள் வேணுமாம்யா. உனக்குத் தெரியாத ஆடா? நாளைக்கு வா."

"என்னப் பாத்தா... ஓடிப்பூடுவாங்க" என்றான் சசி, விரலைக் கழுத்தில் வைத்துக்கொண்டு.

"ஓடுனா ஓடட்டும். நீ வா."

டாக்டர் தேவதர்ஷினி ஓடவில்லை. அவர் கால்நடை அறுவை மருத்துவர். பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண். இப்போது வேப்பம்பட்டில் குடியிருந்துகொண்டு ரயிலில் வந்துபோனார். சசியின் கழுத்துக் குழாயை அவர் நேராகப் பார்த்தார். யாரும் அப்படிக் கூச்சப்படாமல் பார்த்து அவனுக்குப் பழக்கமில்லை.

"வென்டிலேட்டர்ல எத்தனை நாள் இருந்தீங்க?"

"இருவத்திமூணு."

"இந்தப் பிரச்சினைக்குத்தான் நாங்க இங்க வழி தேடிக்கினு இருக்கோம். ஆனா அதுக்காக உங்களை எடுக்கறேன்னு நினைக்காதீங்க. ஆடு வளத்திருக்கீங்களா?"

"சின்னதுலேர்ந்து."

"அப்ப நாளைக்கு வந்துடுங்க."

அந்த இடம் ஒரு பழைய தகரக் கூரைக் கட்டடம். முன்பக்கம் ஆய்வுக்கூடமும் ஆபரேஷன் அறையும். பின்பக்கம் ஆட்டுக்கொட்டில். டாக்டரும், ஆராய்ச்சி மாணவனான பார்த்திபனும், இப்போது சசியும். அவ்வளவுதான் ஆட்கள்.

என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்திபன் அவனுக்குக் கண்ணாடி ஜாடிகளைக் காட்டி விளக்கினான். பன்றியின் மூச்சுக்குழாயை எடுத்து வந்து விதவிதமான கரைசல்களில் மூன்று வாரம் கழுவுவார்கள். பன்றியின் உயிரணுக்கள் எல்லாம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்று ஒரு வெறும் கூடு, வளையம் வளையமாக. அதை ஆட்டின் கழுத்துத் தசைக்குள் ஒரு மாதம் பொதிந்து வைப்பார்கள். ஆட்டின் ரத்தக்குழாய்கள் அதற்குள் வேர் விடும். பிறகு இன்னொரு ஆபரேஷன். ஆட்டின் சொந்த மூச்சுக்குழாயில் ஐந்து வளையங்களை வெட்டியெடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைத் தைப்பார்கள்.

"பன்னிக் கொழாய்ல ஆடு மூச்சு வுடுமா சார்?"

"விடணும்" என்றான் பார்த்திபன். "இதுவரைக்கும் ரெண்டு வாரம் விட்டிருக்கு."

ஆய்வுக்கு அனுமதி தரும் வெளிக்குழு ஆறு ஆடுகளுக்கு மட்டுமே ஒப்புதல் கொடுத்திருந்தது. சசி வேலைக்குச் சேரும்போது மூன்று முடிந்திருந்தன. நான்காவதும் ஐந்தாவதும் அவன் கையில் தீனி தின்று, அவன் கண்முன்னால் போயின. எல்லாம் ஒரே மாதிரிதான். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் நன்றாக இருக்கும். பத்தாம் நாள் பக்கம் மூச்சில் ஒரு சீழ்க்கைச் சத்தம் வரும். பிறகு வயிறு எக்கி எக்கி மூச்சிழுக்கும். எந்த ஆடும் மூன்றாவது வாரத்தைத் தாண்டவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எந்த ஆடும் ஒரு தடவைகூடக் கத்தியதில்லை.

ஐந்தாவது ஆடு இறந்த அன்று டாக்டர் கொட்டிலில் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆட்டு உடம்பு அதை ஏத்துக்கல மேடம்" என்றான் பார்த்திபன். "பன்னியோட மிச்சம் மீதி எங்கியோ இருக்கு. அதான் வீங்கி அடைச்சுக்குது. இன்னும் ஒரு வாரம் கூடுதலா கழுவுவோம். மருந்தையும் ஏத்துவோம்."

டாக்டர் தலையசைத்தார். அவரிடமும் வேறு விளக்கம் இல்லை.

சசிக்கு ஒரு விஷயம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் ஆன ஆட்டைக் குட்டைக் கயிற்றில் கட்டி, தீனித் தொட்டியை நெஞ்சுயரத்துக்கு மேல் சுவரில் மாட்டியிருந்தார்கள். கழுத்தின் முன்பக்கத்துத் தையல் தரையிலோ தொட்டி விளிம்பிலோ உரசக் கூடாது, மண் படக் கூடாது என்பதற்காக. ஆடு இரவும் பகலும் தலையை நிமிர்த்தியபடியே நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் சசிக்குத் தன் காலைப்பொழுதுகள் நினைவுக்கு வந்தன. காலையில் எழுந்ததும் அவனும் கட்டில் ஓரமாகக் குப்புறப் படுத்துத் தலையைத் தொங்கவிட்டு, குழாயில் சேர்ந்த சளியை இருமி வெளியேற்றினால்தான் நாள் ஓடும். ஒரு நாள் விட்டாலும் மதியத்துக்குள் மூச்சு முட்டும்.

ஆறாம் ஆட்டுக்கு ஆபரேஷன் முடிந்த நான்காம் நாள் பார்த்திபனிடம் சொல்லிப் பார்த்தான்.

"சார், கயித்த அவுத்து... தலைய கீழ உட்டா... நல்லாருக்கும்."

"ஐயோ வேணாம் சசி. தையல் பிஞ்சிச்சுன்னா எல்லாம் போச்சு. இதான் கடைசி ஆடு."

அது நியாயமாகவும் பட்டது. படித்தவர்கள் யோசிக்காமலா செய்திருப்பார்கள் என்று சசி பேசாமல் இருந்துவிட்டான்.

பன்னிரண்டாம் நாள், காலை பதினோரு மணி. டாக்டர் சென்னைக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். சசி தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது ஆறாம் ஆடு முன்னங்கால்களை அகட்டி வைத்து நின்றது. கழுத்தை முன்னால் நீட்டப் பார்த்தது, கயிறு விடவில்லை. மூச்சிழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. நாக்கு நீலம் பூத்திருந்தது.

"சார்!" என்று கத்தினான். விரல் வைக்க மறந்துவிட்டதால் வெறும் காற்றுதான் வந்தது. ஓடிப்போய் ஆய்வுக்கூடத்துக் கதவைக் கையால் அறைந்தான்.

பார்த்திபன் வந்து பார்த்ததும் முகம் வெளுத்தான். "வீங்கிடுச்சு. ஊசி போடணும். அசைக்காத, அப்படியே புடி" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்க உள்ளே ஓடினான்.

ஆட்டின் பின்னங்கால் மடங்கியது. சசி ஒரு கணம் அதன் கண்ணைப் பார்த்தான். அந்தத் தவிப்பை அவன் உள்ளிருந்தே அறிவான். ஆஸ்பத்திரியில் ஒரு விடியற்காலை சளி அடைத்து அவனும் இப்படித்தான் கண் பிதுங்கக் கிடந்தான். ஒரு நர்ஸ் ஓடி வந்து, ஊசியைத் தேடாமல், அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் குவித்த கையால் தட்டினாள்.

அவன் கயிற்றை அவிழ்த்தான். ஆட்டை இடுப்போடு தூக்கி, அதன் பின்பாதியை வைக்கோல் கட்டின் மேல் ஏற்றி, தலை கீழே தொங்கும்படி விட்டான். உள்ளங்கையைக் குவித்து விலாவில் தட்ட ஆரம்பித்தான். டப், டப், டப். இடது பக்கம், வலது பக்கம்.

ஊசியோடு வந்த பார்த்திபன் வாசலிலேயே நின்று கத்தினான். "டேய், இன்னா பண்ற! தையல்! விடுடா அத!"

சசியால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு கையும் ஆட்டின் மேல் இருந்தன. தட்டிக்கொண்டே இருந்தான். பார்த்திபன் வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தான். அந்த நேரத்தில் ஆடு உடம்பெல்லாம் குலுங்க ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை. மூன்றாவது இருமலில் வாயிலிருந்து ஏதோ ஒன்று சிமெண்ட் தரையில் 'சொத்'தென்று விழுந்தது.

ஆடு நீளமாக மூச்சிழுத்தது. சீழ்க்கைச் சத்தம் இல்லை.

இருவரும் அசையாமல் பார்த்தபடி நின்றார்கள். நாக்கின் நீலம் மெல்லக் கலைந்து சிவப்பு திரும்பியது. பார்த்திபன் குனிந்து தையலைப் பார்த்தான். ஒரு முடிச்சுகூட விடவில்லை. பிறகு தரையில் கிடந்ததை இடுக்கியால் எடுத்தான். புளியங்கொட்டை அளவில், காய்ந்த பிசின் போல இருந்தது.

பார்த்திபன் கோபக்காரன். ஆனால் கண்ணால் பார்த்ததை இல்லையென்று சொல்கிறவன் அல்ல. அதை மைக்ராஸ்கோப்புக்கு எடுத்துப் போனான்.

தேவதர்ஷினி மூன்று மணிக்குத் திரும்பி வந்தார். சசி கொட்டில் வாசலில் நின்றிருந்தான். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தான்.

"சொல்லாம செஞ்சிட்டேன் மேடம்."

"ஏன் செஞ்சீங்க? அதைச் சொல்லுங்க."

சசி டாக்டரின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் காட்டினான். தன் நெஞ்சுக்குழியைத் தொட்டுக் காட்டினான். டாக்டருக்குப் புரிந்தது. ஸ்டெதாஸ்கோப்பை அவன் கழுத்துக்குக் கீழே வைத்தார். சசி தலையை அண்ணாந்து, கொட்டிலில் ஆட்டைக் கட்டிவைத்திருந்த அதே நிலையில், பத்து மூச்சு விட்டான். உள்ளே களகளவென்று சத்தம் கேட்டது. பிறகு இடுப்பை மடக்கிக் குனிந்து, தலையைத் தொங்கவிட்டு, இருமித் துணியில் துடைத்துக்கொண்டு, அப்படியே குனிந்தபடி பத்து மூச்சு விட்டான். ஸ்டெதாஸ்கோப்பில் வெறும் காற்றின் ஓசை மட்டும்தான்.

"கொழாய் எனுக்கு புச்சு... கூடப் பொறந்ததில்ல" என்றான் விரலை வைத்து. "புச்சுல சளி... தானா ஏறாது. நான்தான் எறக்கணும். அதுக்கும்... புச்சுதான மேடம்? தலையத் தூக்கி... கட்டி வச்சா... எப்டி எறங்கும்?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றவே இல்லை. காதில் மாட்டியபடியே நின்றார்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் உண்டு. அவை அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளும். கழுவிய பன்றிக் குழாயில் அவை இல்லை. ஆட்டின் இழைகள் இரண்டு முனையிலிருந்தும் அதற்குள் வளர்ந்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் அந்த ஐந்து வளைய நீளம் ஒரு வெறும் பாதை. நுரையீரலிலிருந்து ஏறிவரும் சளி அங்கே வந்து தேங்கி, காய்ந்து, புண்ணாக்கி, அடைத்திருக்கிறது. இதெல்லாம் தேவதர்ஷினிக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் ஐந்து ஆடுகளையும் அறுத்துப் பார்த்தபோது அடைப்பை உடம்பு ஏற்றுக்கொள்ளாததன் விளைவு என்றே எழுதி வைத்திருந்தார்.

பார்த்திபன் உள்ளேயிருந்து வந்தான். "திசு எதுவும் உரியல மேடம். வெறும் சளி. அப்பறம் வைக்கோல் தூசி." ஆட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "அது ஏத்துக்கிச்சு மேடம். ஆட்டு உடம்பு முதல்லேர்ந்தே ஏத்துக்கிச்சு. நாமதான் தலையத் தூக்கிக் கட்டிட்டோம்."

டாக்டர் அங்கேயே நின்று அனுமதிக் குழுவின் தலைவர் ஜெரால்டுக்குப் போன் செய்தார். விலங்கின் உயிரைக் காப்பாற்றப் பராமரிப்பை மாற்றுவதற்குத் தடை இல்லை, எழுத்தில் அனுப்புங்கள் என்று அவர் சொன்னார்.

அன்றே குட்டைக் கயிறு போனது. தொட்டியைச் சுவரிலிருந்து கழற்றினார்கள். வைக்கோலை அகற்றிவிட்டுக் கழுவிய ரப்பர் பாய் விரித்தார்கள். ரோஜா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, தையலை மூடுவதற்குக் குழந்தைக்குக் கட்டுவது போன்ற மார்த்துணி தைத்துக் கொடுத்தாள். சசி தினமும் நாலு வேளை ஆட்டைச் சரிவாக நிறுத்தி விலாவில் தட்டினான். ஆடு முதல் இரண்டு நாள் திமிறியது. மூன்றாம் நாளிலிருந்து அவன் வருவதைக் கண்டாலே தானாகப் பலகைச் சரிவில் போய் நின்றது.

பதினைந்தாம் நாள் கடந்தது. பதினெட்டு. இருபத்தொன்று. அன்று பார்த்திபன் மூன்று தடவை கொட்டிலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனான்.

இருபத்துநான்காம் நாள் காலை சசி அகத்திக்கீரைக் கட்டோடு உள்ளே வந்தான். வாசலில் பார்த்திபன் ஏதோ கேட்க, கீரையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்று பேசினான். பேச்சு நீண்டது.

"மே...ஏ...ஏ..."

முதலில் வெளியே ஏதோ ஆடு கத்துகிறது என்று நினைத்தார்கள். இரண்டாவது முறை, இன்னும் உரக்க, கோபமாக வந்தது. ஆறாம் ஆடு சசியின் தோளில் இருந்த கீரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

சசி கீரையை அப்படியே கீழே போட்டான். பார்த்திபன் "மேடம்! மேடம்!" என்று கூவிக்கொண்டு முன்பக்கம் ஓடினான். ஆய்வுக்கூடத்திலிருந்து கையுறையோடு ஓடி வந்த தேவதர்ஷினி கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆடு இப்போது கீரையில் வாய் வைத்துவிட்டது.

"கத்துச்சா? நிஜமா கத்துச்சா?"

"கீரைய எடுங்க சசி" என்றான் பார்த்திபன். "மறுபடி கத்தும்."

சசி கீரைக் கட்டை இழுத்தான். ஆடு அண்ணாந்து தகரக் கூரை அதிரக் கத்தியது. தேவதர்ஷினி சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு எங்கோ அழுகையாகி, கையுறைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த நாள் டாக்டரின் பழவேற்காட்டு வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறைய இறால் குழம்பு வந்தது. நாலு பேரும் கொட்டில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரோஜாவும் மதிய இடைவேளையில் வந்திருந்தாள்.

ஆறாவது வாரம் மெல்லிய கேமராவை மூச்சுக்குழாய்க்குள் இறக்கிப் பார்த்தார்கள். திரையில் வெள்ளைக் கூடு எங்கும் இல்லை. இளஞ்சிவப்பான சுவர், அதில் நூல் நூலாக ரத்தக்குழாய்கள். எது ஆட்டினுடையது, எங்கே பன்றியினுடையது தொடங்குகிறது என்று பார்த்திபனுக்கே தையல் அடையாளத்தை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. ஒரு துளி சளி அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நகர்ந்தது. மெதுவாக, தானாக, மேல்நோக்கி. இழைகள் வளர்ந்து வேலையை ஆரம்பித்திருந்தன.

நான்காவது மாதம் குழுவினர் நேரில் வந்தார்கள். ஜெரால்டுக்கு அறுபது வயது இருக்கும். அதிகம் பேசாதவர். படங்களையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு டாக்டரிடம் கேட்டார்.

"அஞ்சு ஆட்டுல தெரியாதது ஆறாவதுல எப்படித் தெரிஞ்சுது?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க சார்" என்று தேவதர்ஷினி சசியைக் காட்டினார்.

சசி எழுந்து நின்றான். மேசையைச் சுற்றி ஐந்து பேர். வாசல் பக்கம் பார்த்தான். பிறகு விரலைக் கழுத்தில் வைத்தான். தன் தலையைத் தொங்கவிட்டு இருமுகிற காலைகளைப் பற்றிச் சொன்னான். குட்டைக் கயிற்றைப் பற்றிச் சொன்னான். மூச்சு வாங்கியபோது நிறுத்தினான். யாரும் குறுக்கே பேசவில்லை, யாரும் வேறு பக்கம் பார்க்கவில்லை. அதனால் அவன் மறுபடி தொடர்ந்தான். விபத்துக்குப் பிறகு அத்தனை நேரம் அவன் யாரிடமும் பேசியதில்லை. ரோஜாவிடம்கூட இல்லை.

ஜெரால்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஆறு ஆடு பண்ணுங்க. கட்டுரையில இவர் பேரைப் போடுங்க. கடைசியில நன்றின்னு இல்ல. உங்க ரெண்டு பேர் பேரோட, மேல."

அவர்கள் கார் ஏறிப் போன பிறகு சசி டாக்டரிடம் ஒன்று கேட்டான். இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"மன்சனுக்கு... எப்ப மேடம்?"

"பொய் சொல்ல மாட்டேன் சசி. இன்னும் நிறைய இருக்கு. அஞ்சு வருஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம்."

சசி விரலை மறுபடி கழுத்தில் வைத்தான்.

"எனுக்கு முப்பத்தொண்ணுதான் மேடம் ஆவுது" என்றான். "நான் இருப்பேன்."

அடுத்த பங்குனிக்குள் ஆறு ஆடுகளுக்கும் ஆபரேஷன் முடிந்தது. ஆறும் மூன்றாவது வாரத்தைத் தாண்டின. ஆறும் ஆறாவது வாரத்தைத் தாண்டின. பழைய ஆட்டோடு சேர்த்து மொத்தம் ஏழு.

ஒரு நாள் மதியம் பக்கத்து ஸ்பிரிங் கம்பெனி சூப்பர்வைசர் குப்புராஜ் கேட்டைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாபா, உள்ள ஆட்டுச் சந்தை வச்சிக்கினு கீறீங்களா? போன்ல ஒரு வார்த்த பேச முடியல. ஒரே பேஜாரு."

சசி அவரை உள்ளே கூட்டிப்போனான். ஏழும் கத்திக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மயிர் சிரைத்த இடத்தில் ஒரு விரல் நீளத் தழும்பு. அதைக் காட்டிக் காட்டி, நிறுத்தி நிறுத்தி, எல்லாவற்றையும் சொன்னான். குப்புராஜ் ஆட்டைப் பார்த்தார், அவன் கழுத்தைப் பார்த்தார், மறுபடி ஆட்டைப் பார்த்தார்.

"பன்னிக் கொழாய்லயா இந்தக் கத்து கத்துது?"

"ஆமாண்ணே."

"அடேயப்பா" என்றார் குப்புராஜ். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். "கத்தட்டும் உடு. நான் போன வெளிய போய்ப் பேசிக்கறேன்."

சாயங்காலம் தீனி வைக்கும் நேரத்தில் ஸ்பிரிங் கம்பெனி ஆட்கள் நாலைந்து பேர் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சசி அவர்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, அகத்திக்கீரைக் கட்டைப் பிரித்துத் தரையில் பரப்பினான்.